ஸ்டால் வேகம் ஒத்துவரவில்லையா? பழைய மசில் கார்களின் டார்க் கன்வெர்ட்டருக்கு அறிகுறிவாரியான பிழை நீக்கும் வழிமுறை

1964-ஆம் ஆண்டின் பான்டியாக் ஜிடிஓ தொடங்கி 1970-களின் முற்பகுதி வரை அமெரிக்காவில் வெளிவந்த, ஆற்றல் மிகுந்த இன்ஜின் பொருத்திய மசில் கார்களுள், ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி கொண்ட ஒன்றைப் பழுதுபார்க்க இறங்குபவர் விரைவிலேயே ஒரு புதிரில் வந்து நிற்பார். இன்ஜினையும் கியர் பெட்டியையும் ஆயில் வழியே இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரைப் புதிதாக வாங்கினால், அது வந்த பெட்டியின் மேல் ஸ்டால் வேகம் நிமிடத்துக்கு 2800 சுற்று என்று அச்சிட்டிருக்கும். காரில் மாட்டிச் சோதித்தால் இன்ஜினின் சுற்றுவேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டர் முள் 2300-ஐத் தாண்டாது. உடனே கன்வெர்ட்டரைக் குறைசொல்லி, கியர் பெட்டியை இறக்கி, ஒரு நாள் உழைப்பைச் செலவிட்ட பிறகும் அதே 2300 நிற்கும். ஸ்டால் வேகம் கன்வெர்ட்டருக்கு மட்டும் உரிய எண் அன்று. அதன் முன்னால் இருக்கும் இன்ஜினும் சேர்ந்து தீர்மானிக்கும் எண் அது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு அறிகுறிகளைப் படித்தால், எதைக் கழற்ற வேண்டும் என்பதும், எதைக் கழற்றவே தேவையில்லை என்பதும் பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

முதலில் சொல்லைப் பற்றி. வண்டி திடீரென்று அணைந்துவிடுவதையும் நாம் ஸ்டால் என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். இங்கே பொருள் வேறு. கன்வெர்ட்டருக்குள் இன்ஜினோடு சேர்ந்து சுழலும் இம்பெல்லர், கியர் பெட்டியின் உள்தண்டைச் சுழற்றும் டர்பைன், இரண்டுக்கும் நடுவில் ஒருவழிக் கிளட்சின் மேல் அமர்ந்திருக்கும் ஸ்டேட்டர் என்று மூன்று இறக்கைச் சக்கரங்கள் உண்டு. டர்பைனைச் சுழலவிடாமல் நிறுத்திவைத்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தால், இன்ஜின் ஓர் அளவுக்கு மேல் வேகமெடுக்க முடியாமல் நின்றுவிடும் அல்லவா, அந்த வேகந்தான் ஸ்டால் வேகம். தயிர்ப் பானையில் மத்தைச் சுழற்றும்போது பானையும் கூடவே சுழலப் பார்க்கும். அதைக் காலால் அணைத்துப் பிடித்தால் மத்து மட்டும் சுழலும், ஆனால் தயிரின் கனம் கையைத் தடுக்கும். மத்து இம்பெல்லர், பானை டர்பைன், பானையைப் பிடித்திருக்கும் கால் பிரேக். கடைபவரின் கைவலிமை கூடினால் அதே தயிரில் மத்து இன்னும் வேகமாகச் சுழலும்.

அந்தக் கைவலிமையைக் கணக்கில் கொண்டுவருவது எளிது. ஒரு கன்வெர்ட்டரின் ஸ்டால் வேகம், இன்ஜின் தரும் முறுக்குவிசையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும். 300 பவுண்டு-அடி தரும் இன்ஜினுக்குப் பின்னால் நிமிடத்துக்கு 2000 சுற்றில் நிற்கும் கன்வெர்ட்டர், 450 பவுண்டு-அடி தரும் இன்ஜினுக்குப் பின்னால் ஏறத்தாழ 2450-இல் நிற்கும். விட்டம் இதைவிடக் கடுமையாக வேலைசெய்கிறது. வடிவமைப்பு ஒன்றாகவே இருக்க, விட்டம் 12 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகச் சுருங்கினால், 2000 என்பது 3100-ஐத் தாண்டிவிடும். கிரைஸ்லர் தன் டார்க்ஃப்ளைட் 727 கியர் பெட்டிக்குச் சாதாரண இன்ஜின்களோடு 11¾ அங்குலக் கன்வெர்ட்டரையும், ஆற்றல் மிகுந்த இன்ஜின்களோடு 10¾ அங்குலக் கன்வெர்ட்டரையும் கொடுத்ததற்கு இதுவே காரணம். ஆகவே பெட்டியின் மேல் உள்ள 2800, எந்த இன்ஜினை எண்ணி அச்சிட்டது என்று கேட்காதவரை அதற்குப் பொருளே இல்லை. 1970-ஆம் ஆண்டுச் செவ்ரலே செவெல் காரின் எல்எஸ்6 இன்ஜினுக்கு 500 பவுண்டு-அடி என்று விளம்பரம் சொன்னாலும், அது துணைக்கருவிகளும் காரின் புகைபோக்கி அமைப்பும் இல்லாமல் சோதனை மேடையில் எடுத்த மொத்த அளவு. 1972-க்கு முந்தைய எண்களை வைத்துக் கணக்குப் போடுகிறவர் இதைக் கழித்துக்கொள்ளாமல் போட்டால், கன்வெர்ட்டரின் மேல் வீண்பழி விழும்.

சோதனைக்கு முன்னும் சோதனையின்போதும்

ஆயில் அளவைப் பார்ப்பதிலேயே பலர் தவறுகிறார்கள். டார்க்ஃப்ளைட்டில் நியூட்ரலில் வைத்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ ஹைட்ராமேட்டிக் 350, 400 ஆகியவற்றிலும், ஃபோர்டின் சி4, சி6 ஆகியவற்றிலும் பார்க்கில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆயில் ஓட்டச் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். ஐம்பது ஆண்டு கடந்த டாஷ்போர்டு டாக்கோமீட்டரை நம்ப வேண்டாம். இருநூறு சுற்று வித்தியாசத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லப்போகும் சோதனையில், கருவியே முந்நூறு தப்பாகக் காட்டினால் எல்லாம் பாழ். கையில் உள்ள ட்யூன்-அப் மீட்டரை இக்னிஷன் காயிலோடு இணைத்துக்கொள்வது நல்லது.

சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, கைப்பிரேக்கை இழுத்து, கால்பிரேக்கை அழுத்தமாக மிதித்தபடி டிரைவில் போட்டு, ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தி, முள் நிற்கும் இடத்தைப் படித்தவுடன் விட்டுவிட வேண்டும். காரின் முன்னும் பின்னும் ஒருவரும் நிற்கலாகாது. ஐந்து நொடிக்கு மேல் போகவே கூடாது என்ற எச்சரிக்கை வெறும் சம்பிரதாயம் அன்று. 300 பவுண்டு-அடி முறுக்குவிசையில் 2000 சுற்று என்றால் 114 குதிரைத்திறன், அதாவது ஏறத்தாழ 85 கிலோவாட். கார் நகராததால் அத்தனையும் கன்வெர்ட்டர் ஆயிலில் வெப்பமாக இறங்குகிறது. ஒன்றேகால் லிட்டர் பச்சைத் தண்ணீரை ஐந்தே நொடியில் கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம் அது. ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் நியூட்ரலில் 1000 சுற்றளவில் ஒரு நிமிடமாவது ஓடவிட்டு ஆயிலை ஆறவிட வேண்டும். சோதனையின்போது சங்கு ஊதுவதைப் போன்ற ஒரு சீறல் கேட்டால் அஞ்ச வேண்டியதில்லை. சில கன்வெர்ட்டர்களில் ஆயில் பாயும் ஓசை அப்படித்தான் இருக்கும். உலோகம் உரசும் ஒலி கேட்டால் மட்டும் உடனே நிறுத்த வேண்டும்.

பின்சக்கரம் வழுக்கிச் சுழலத் தொடங்கினால் அந்த நொடியே காலை எடுத்துவிட வேண்டும். அப்போது டர்பைன் நிற்கவில்லை. ஆகவே படித்த எண்ணும் ஸ்டால் வேகம் அன்று. பழைய டிரம் பிரேக்குகளும் குறுகிய டயர்களும் கொண்ட ஒரு காரில் பெரிய இன்ஜினின் முழு முறுக்குவிசையைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் நடக்காத காரியம். அத்தகைய காரில், மற்ற வண்டிகள் வராத தடத்தில் நின்ற நிலையிலிருந்து ஒரேயடியாக ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது முள் எந்த எண்ணுக்குத் தாவி ஒரு கணம் தயங்கிப் பிறகு ஏறுகிறது என்று பார்ப்பார்கள். இதை ஃப்ளாஷ் ஸ்டால் என்பார்கள். பிரேக் பிடித்து எடுத்த எண்ணும் இதுவும் ஒன்றாக இராது. விற்பவர் எதைச் சொன்னார் என்று தெரியாமல் இரண்டையும் ஒப்பிடுவது வீண்.

அறிகுறி: எண் எதிர்பார்த்ததைவிடக் குறைவு

நடைமுறையில் அதிகம் எதிர்ப்படுவதும், அதிகம் தவறாகப் படிக்கப்படுவதும் இந்த அறிகுறிதான். இங்கே முதல் கேள்வி, இன்ஜின் தன் முழு முறுக்குவிசையைத் தருகிறதா என்பது. இன்ஜினை அணைத்துவிட்டு, ஒருவர் உள்ளே அமர்ந்து பெடலை முழுவதும் மிதிக்க, மற்றொருவர் ஏர் கிளீனரைக் கழற்றிக் கார்புரேட்டரின் வாய்க்குள் பார்க்க வேண்டும். தளர்ந்த இணைப்புக் கம்பியாலோ தடித்த தரைவிரிப்பாலோ த்ராட்டில் தகடு முக்கால்வாசிதான் திறப்பது வியப்பளிக்கும் அளவுக்குச் சாதாரணம். ரோசெஸ்டர் குவாட்ராஜெட் பொருத்திய கார்களில் இன்னொன்றும் உண்டு. சோக் முழுவதும் திறக்காதவரை பின்புறத்து இரண்டு பெரிய வாய்களும் ஒரு நெம்புகோலால் பூட்டப்பட்டே இருக்கும். ஆகவே சோக்கின் குறை ஸ்டால் எண்ணில் வந்து தெரியும்.

அடுத்து இக்னிஷன். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் மையவிலக்கு எடைகள் துருப்பிடித்து அசையாமல் போனால், 2000 சுற்றில் தீப்பொறி விழும் நேரத்தில் வர வேண்டிய முன்னேற்றம் வராது. டைமிங் லைட்டை வைத்து வேகத்தைக் கூட்டிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் உள்ள வெப்பத் தடுக்கு வால்வு மூடிய நிலையில் இறுகிப்போயிருந்தால், ஒரு பக்கத்துச் சிலிண்டர்கள் மூச்சுத் திணறும். நீண்டகாலம் நிறுத்திவைத்த காரில் அதைக் கையால் அசைத்துப் பார்க்காமல் மேலே போகக் கூடாது. கார் இருக்கும் உயரத்தையும் மறக்கலாகாது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1600 மீட்டர் உயரத்தில் இருக்கும் டென்வரில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால், இன்ஜின் தன் முறுக்குவிசையில் ஆறில் ஒரு பங்கையொட்டி இழக்கும். கடல்மட்டத்தில் 2000 காட்டிய கார் அங்கே ஏறத்தாழ 1830 காட்டினால் அதில் குறையே இல்லை.

இன்ஜின் நலமாக இருந்தும் எண் குறைவாகவே நின்றால், அப்போதுதான் ஸ்டேட்டரின் ஒருவழிக் கிளட்சை ஐயுற வேண்டும். டர்பைனிலிருந்து திரும்பிவரும் ஆயிலைத் தடுத்துத் திருப்பி, இம்பெல்லருக்கு உதவும் திசையில் அனுப்புவது ஸ்டேட்டரின் வேலை. அதற்காக அது புறப்படும் நேரத்தில் அசையாமல் நிற்க வேண்டும். ஒருவழிக் கிளட்ச் இரு திசையிலும் வழுக்கினால் ஸ்டேட்டர் ஆயிலோடு சேர்ந்து சுழன்றுவிடும். சுமார் இரு மடங்காகக் கிடைக்க வேண்டிய முறுக்குவிசைப் பெருக்கம் இல்லாமற்போகும். எண்ணோடு கூடவே வரும் நடத்தையும் இதைக் காட்டிக்கொடுக்கும்: நின்ற இடத்திலிருந்து கிளம்பக் கார் தவிக்கும், வேகம் பிடித்த பிறகு ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். கிரைஸ்லரின் பழுதுபார்ப்புக் கையேடுகள், ட்யூனிங் சரியாக உள்ள காரில் எண் குறிப்பிட்ட அளவைவிட 250 முதல் 350 சுற்று வரை குறைந்தால் இந்தக் கிளட்சையே குற்றஞ்சாட்டுகின்றன. கன்வெர்ட்டரை வெளியே எடுத்தபின், கழுத்து வழியே உள்ளிருக்கும் ஸ்டேட்டரின் பல்வளையத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரு திசையில் தாராளமாகச் சுழன்று, மறுதிசையில் உடனே இறுகினால் நல்லது. இரு திசையிலும் சுழன்றால் கன்வெர்ட்டரை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

1965 முதல் 1967 வரையிலான ப்யூக், ஓல்ட்ஸ்மொபில், காடிலாக் கார்களின் டர்போ ஹைட்ராமேட்டிக் 400-இல் ஸ்டேட்டரின் இறக்கைகளே மின்கட்டளையால் கோணம் மாறும். அந்த வண்டிகளில் எண் எப்போதும் தாழ்ந்தே நின்றால், கன்வெர்ட்டரைத் தொடுவதற்கு முன் சுவிட்சையும் கம்பியையும் சோலனாய்டையும் பார்க்க வேண்டும்.

அறிகுறி: எண் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல்

இங்கே பானையைப் பிடித்திருக்கும் கால் நழுவுகிறது என்று பொருள். அதாவது கியர் பெட்டிக்குள் ஏதோ ஒரு கிளட்சோ, டிரம்மைச் சுற்றி இறுக்கும் பட்டையோ வழுக்குவதால் டர்பைன் நிற்காமல் சுழல்கிறது. கிரைஸ்லர் இதற்கு வைத்த எல்லை, குறிப்பிட்ட உச்ச அளவைவிட 200 சுற்று. எது வழுக்குகிறது என்பதைக் கண்டுபிடிக்கக் கியர்களை மாற்றிப் பார்த்தால் போதும், கழற்ற வேண்டியதில்லை. 727-ஐ எடுத்துக்கொண்டால், டிரைவின் முதல் கியரில் பின்கிளட்சும், ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் ஓவர்ரன்னிங் கிளட்சும் சுமையைத் தாங்குகின்றன. நெம்புகோலை 1-இல் வைத்தால் ஓவர்ரன்னிங் கிளட்சுக்குத் துணையாகப் பின்பட்டையும் பிடிக்கிறது. ரிவர்சில் முன்கிளட்சும் அதே பின்பட்டையும் வேலைசெய்கின்றன. எனவே டிரைவில் எண் ஏறி, 1-இல் சரியாக இருந்தால் ஓவர்ரன்னிங் கிளட்ச். டிரைவிலும் 1-இலும் ஏறி ரிவர்சில் சரியாக இருந்தால் பின்கிளட்ச். ரிவர்சில் மட்டும் ஏறினால் முன்கிளட்ச் அல்லது பின்பட்டை. எல்லா நிலைகளிலும் ஏறினால் ஆயில் குறைவு, அடைபட்ட ஃபில்டர், தேய்ந்த பம்ப் என்று அழுத்தத்தின் பக்கம் போக வேண்டும். ஆயில் நுரைத்திருந்தாலும், ஏன், அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும் இதே விளைவுதான்.

ஓவர்ரன்னிங் கிளட்ச் மேல் ஐயம் விழுந்த 727-இல் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வதும், டயரைப் புகைய விட்டு விளையாடுவதும் கூடாது. முதல் கியரில் அந்தக் கிளட்ச் உடைந்துபோனால், முன்புறத்து டிரம் இன்ஜின் வேகத்தைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு வேகத்தில் சுழன்று வெடித்துச் சிதறக்கூடும். கியர் பெட்டியின் ஓடு அலுமினியம். அதற்கு மேலே ஓட்டுநரின் கால் இருக்கிறது.

அறிகுறி: எண் சரி, ஆனால் நெடுஞ்சாலையில் இழுவை இல்லை, ஆயில் சூடேறுகிறது

இது முந்தைய ஸ்டேட்டர் குறையின் மறுபக்கம். ஒருவழிக் கிளட்ச் இறுகிப்போய், சுழல வேண்டிய நேரத்திலும் ஸ்டேட்டர் நின்றுகொண்டே இருக்கிறது. ஸ்டால் சோதனை இதைக் காட்டாது, ஏனென்றால் அந்தச் சோதனையில் ஸ்டேட்டர் நிற்பதுதான் முறை. கார் நன்றாகவே கிளம்பும். ஆனால் சீரான வேகத்தில் போக வழக்கத்தைவிட ஆழமாகப் பெடலை மிதிக்க வேண்டியிருக்கும், ஆயில் கருகிய நெடி வரும். ஒட்டிக்கொண்ட பிரேக்கும் இதே அறிகுறிகளைக் காட்டும் என்பதால், சிறிது தூரம் ஓட்டியபின் நான்கு சக்கர டிரம்களின் சூட்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவுக்கு வர வேண்டும்.

அறிகுறி: டிரைவில் போட்டவுடன் இன்ஜின் திணறுகிறது அல்லது அணைகிறது

இன்ஜின் பக்கத்தில் மட்டும் மாற்றம் செய்த கார்களில் இது வரும். உள்வால்வும் வெளிவால்வும் சேர்ந்தே திறந்திருக்கும் நேரம் மிகுந்த பந்தயக் கேம்ஷாஃப்டைப் பொருத்திவிட்டு, தொழிற்சாலை தந்த இறுக்கமான, அதாவது ஸ்டால் வேகம் குறைந்த, கன்வெர்ட்டரை அப்படியே விட்டிருப்பார்கள். 900 சுற்றுக்குக் கீழே நிலையாக நிற்காத இன்ஜின், 650-இல் ஓய்வெடுக்கும் இன்ஜினுக்காகச் செய்த கன்வெர்ட்டரின் சுமையைத் தாங்காது. ஐடில் வேகத்தை ஏற்றிவைப்பது தீர்வாகத் தோன்றினாலும், டிரைவில் போடும்போதெல்லாம் கார் இடித்துக்கொண்டு முன்னே பாயும். ஆரம்ப டைமிங்கையும் வெற்றிடக் கசிவையும் சரிபார்த்த பிறகும் குறை நீடித்தால், இங்கே கூடுதல் ஸ்டால் வேகமுள்ள கன்வெர்ட்டரே மருந்து. கேம்ஷாஃப்ட் உயிர்பெறும் வேகத்தைவிட ஏறத்தாழ 500 சுற்று கூடுதலாகத் தேர்ந்தெடுப்பது பழைய பட்டறை வழக்கம். நான் அதை ஒரு தொடக்கப்புள்ளியாக மட்டுமே கொள்வேன்; காரின் எடையும் பின் அச்சு விகிதமும் அதை மேலும் கீழும் இழுக்கும்.

அதே கேம்ஷாஃப்ட் இன்னொரு வேடத்திலும் வரும். டர்போ ஹைட்ராமேட்டிக்குகளில் வாக்குவம் மாடுலேட்டர் என்ற சிறு கருவி இன்டேக் மேனிஃபோல்டின் வெற்றிடத்தைப் பார்த்தே கியர் மாறும் அழுத்தத்தை அமைக்கிறது. வெற்றிடம் குறைந்தால் கியர்கள் தாமதமாகவும் முரட்டுத்தனமாகவும் விழும். பலர் இதைக் கன்வெர்ட்டரின் குறையென்று எண்ணிவிடுகிறார்கள். மாடுலேட்டரின் குழாயைப் பிடுங்கிப் பார்க்கும்போது அதில் சிவப்பு ஆயில் இருந்தால், உள்ளிருக்கும் ஜவ்வு கிழிந்துவிட்டது. இன்ஜின் அந்த ஆயிலை உறிஞ்சி வெண்புகை விடும்.

அறிகுறி: சாதாரண ஓட்டத்தில் ரப்பர்போல் இழுபடுகிறது

பெடலை மிதித்தால் இன்ஜின் சத்தம் முதலில் ஏறி, கார் பிறகு வருகிறது என்றால், கன்வெர்ட்டர் அந்தக் காருக்கு அளவுக்கு மேல் தளர்வானது. ஆனால் 3000 ஸ்டால் கன்வெர்ட்டர் 3000-க்குக் கீழே எப்போதும் வழுக்கிக்கொண்டே இருக்கும் என்பது தவறான நம்பிக்கை. 400 பவுண்டு-அடியில் 3000 காட்டும் அதே கன்வெர்ட்டர், சமதளத்தில் மெல்ல ஓட்டும்போது இன்ஜின் 100 பவுண்டு-அடி மட்டுமே தந்தால், 1500 ஸ்டால் கன்வெர்ட்டரைப்போல் நடந்துகொள்ளும். 2.73 பின் அச்சு விகிதமும் 26 அங்குல டயரும் உள்ள கார் மணிக்கு 60 மைல் வேகத்தில் வழுக்கலே இல்லாவிட்டால் ஏறத்தாழ 2120 சுற்றில் ஓடும். ஆகவே சமதளத்தில் இணைப்பு போதுமான அளவு உறுதியாகவே இருக்கும். ஏற்றத்தில் 225 பவுண்டு-அடி தேவைப்படும்போது அதன் ஸ்டால் 2250-க்கு ஏறிவிடுவதால்தான் வழுக்கலும் சூடும் தொடங்குகின்றன. 3.31 விகிதத்தில் அதே வேகத்துக்கு 2570 சுற்று வந்துவிடும் என்பதால் அந்தக் காரில் இதே கன்வெர்ட்டர் குறைசொல்ல இடந்தராது. பின் அச்சை மாற்ற மனமில்லாதவர், ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலரை மட்டும் நம்பாமல் தனி ஆயில் கூலர் ஒன்றைப் பொருத்துவதே முறை. அந்தக் காலத்து மசில் கார்க் கியர் பெட்டிகளில் வேகத்தில் இறுகப் பூட்டிக்கொள்ளும் கன்வெர்ட்டர் கிடையாது; டார்க்ஃப்ளைட்டுக்கே அது 1978-இல்தான் வந்தது.

அறிகுறி: வாரக்கணக்கில் நின்ற கார், டிரைவில் போட்டும் நகர மறுக்கிறது

கன்வெர்ட்டரிலிருந்த ஆயில் கீழே உள்ள தட்டுக்கு வடிந்துவிட்டது, அவ்வளவே. டார்க்ஃப்ளைட்டில் பார்க் நிலையில் கன்வெர்ட்டருக்கு ஆயில் போவதில்லை என்பதால், பார்க்கில் எத்தனை நேரம் சூடாக்கினாலும் பயனில்லை. நியூட்ரலில் ஒரு நிமிடம் ஓடவிட்டால் நிரம்பிவிடும். வடிந்திருக்கும் நேரத்தில் அளவுகோல் ஆயில் மிகுந்திருப்பதாகக் காட்டும். அதைக் கண்டு ஆயிலை எடுத்துவிடக் கூடாது.

அறிகுறி: கன்வெர்ட்டர் மாற்றிய பிறகு அதிர்வு, முனகல், தட்டல்

கிரைஸ்லரின் 360 இன்ஜினுக்குச் சமநிலை எடைகள் கன்வெர்ட்டரின் மேலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும்; அந்த எடைகள் இல்லாத கன்வெர்ட்டரை அதில் மாட்டினால் வேகத்தோடு கூடும் அதிர்வு தவிர்க்க முடியாதது. செவ்ரலே 454-இல் அதே வேலையை, இன்ஜினையும் கன்வெர்ட்டரையும் இணைக்கும் தகடான ஃப்ளெக்ஸ்பிளேட் செய்கிறது, அதனால் அங்கே தவறான தகடு மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐடிலில் கேட்டு, டிரைவில் போட்டதும் மாறும் தட்டல், போல்ட்டுத் துளைகளைச் சுற்றி விரிசல் விட்ட ஃப்ளெக்ஸ்பிளேட்டின் குரல்.

பம்ப் முனகினால், கன்வெர்ட்டர் முழுவதும் உள்ளே அமரவில்லை என்று கொள்ளலாம். ஒரு லிட்டர் ஆயிலை ஊற்றிவிட்டு, திருப்பித் திருப்பித் தள்ளும்போது உள்தண்டு, ஸ்டேட்டர் தண்டு, பம்ப் என்று மூன்று முறை அது உள்ளே விழுந்து அமர்வதைக் கையால் உணர வேண்டும். கியர் பெட்டியை இன்ஜினோடு முடுக்கிய பிறகு, கன்வெர்ட்டர் ஃப்ளெக்ஸ்பிளேட்டைத் தொடாமல் தாராளமாகச் சுழல வேண்டும். அதை முன்னே இழுத்துத் தகட்டோடு சேர்ப்பதற்கு முன் இடைவெளியை அளந்தால் 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். இடைவெளியே இல்லாமல் போல்ட்டை முடுக்கி இழுத்தால் பம்ப் உடையும், இன்ஜினின் த்ரஸ்ட் பேரிங்கும் தேய்ந்துபோகும். இடைவெளி 5 மில்லிமீட்டரைத் தாண்டினால், கன்வெர்ட்டரின் கழுத்து பம்பின் பல்லில் போதிய ஆழம் பிடிக்காது. அங்கே ஒவ்வொரு போல்ட்டிலும் ஒரே தடிமனுள்ள வாஷரைக் கொடுத்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.